மேகத்தில் ஒரு தையல்

எனக்கு விளையாட்டே பிடிக்காது மேடம். பத்து வருஷமாகக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்வது அபத்தம்தான். ஆனால் சின்ன வயதிலிருந்தே அப்படி. அக்காவும் நானும் சீட்டு ஆடுவோம். தோற்கப்போகிறேன் என்று தெரிந்ததும் சீட்டையெல்லாம் கலைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அவள் திட்டமாட்டாள். "சரி வாடா, முதல்ல இருந்து ஆடலாம்" என்று பொறுக்கி அடுக்குவாள்.

உங்கள் மேஜைமேல் இருக்கும் கடிதம் அக்காவுடையது என்று கதவைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. அவள் எழுதினால் வரிகள் வலப்பக்கம் மேலே ஏறிக்கொண்டே போகும். போன வருஷம் கசிந்த அந்த வீடியோவைத் தன் கணவர் வெளியிடவில்லை, மறுபடி விசாரியுங்கள் என்று கம்பெனிக்கு எழுதியிருக்கிறாள். கடைசி வரியை நீங்களே படித்துக் காட்டினீர்கள். "என் தம்பியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வானம் அவனுக்குத்தான் தெரியும்." கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். நடுவில் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

விளையாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு விண்கலம், ஒரு லட்சம் கிரகங்கள், எதில் வேண்டுமானாலும் இறங்கலாம். ஆறு வருஷ வேலை, நாற்பது பேர். வெளியீட்டுக்கு ஒரு வருஷம் முன்பு முதலாளி மேடையேறி, "ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். நம்பியவர்கள் தங்களைக் கப்பல்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். வெளியீட்டு நாளுக்கு முன்கூட்டியே லீவு போட்டார்கள், எங்கள் விண்கலத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். நம்பாதவர்களுக்குக் கரைக்காரர்கள் என்று பெயர். "லட்சமாவது ஒண்ணாவது, கதை விடறாங்க" என்பது அவர்கள் பேச்சு. எங்கள் இணையப் பக்கத்தில் தினமும் அடிதடி. இன்னும் வராத ஒரு விளையாட்டுக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்த வீடுகூட உண்டு.

இந்த இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லும் வேலை என் அத்தானுடையது. அக்காவின் கணவர். நான்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டேன். அதற்கு முன்பு ஒரு நூலகத்தில் இருந்தார். யார் என்ன கேட்டாலும் பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்துப் பழகிய மனிதர். கப்பல்காரர் வானளாவப் புகழ்ந்தால், "கொஞ்சம் பொறுங்க, வந்ததும் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்பார். கரைக்காரர் கிழி கிழி என்று கிழித்தால், "நீங்க கேட்டது நியாயம், விசாரிச்சுச் சொல்றேன்" என்பார். விசாரித்தும் சொல்வார். யாராவது எங்கள் விண்கலத்தைப் படம் வரைந்து அனுப்பினால் தன் கையாலேயே நன்றி எழுதி, அனுப்புநர் இடத்தில் வீட்டு விலாசத்தைப் போட்டு, தபாலில் சேர்ப்பார். இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்கிறார்கள் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

என் வேலை வானமும் தரையும். வானம் எனக்கு வந்தது. நட்சத்திரங்களை வைப்பேன், மேகங்களைப் பூசுவேன், பார்ப்பவர்கள் வாய் பிளப்பார்கள். தரைதான் வரவில்லை. விளையாடுபவர் இறங்கும் அந்த நொடியில் கம்ப்யூட்டரே ஒரு புதுக் கிரகத்தை உண்டாக்க வேண்டும், மலை எங்கே பள்ளம் எங்கே என்று அதுவே முடிவு செய்ய வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். ஒவ்வொரு திங்கட்கிழமைக் கூட்டத்திலும் "முடிஞ்சிடும் சார்" என்றேன். முடியவில்லை. ஆகவே பத்தொன்பது கிரகங்களைக் கையாலேயே செய்தேன். அவற்றையே நிறம் மாற்றி, திருப்பிப் போட்டு, மேலே வேறு வேறு வானத்தைப் போர்த்தினேன். சோதித்துப் பார்ப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு மூலையைப் பிரித்துக் கொடுத்ததும் நான்தான். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்கமாட்டார். லட்சம் என்று ஊரெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பத்தொன்பது என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

வெளியீட்டுக்கு ஏழு வாரம் இருந்தது. கரைக்காரர்கள் ஒன்று கேட்டார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரு மணி நேர வீடியோ காட்டுங்கள், நம்புகிறோம் என்றார்கள். அத்தானுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கிரகம் கிரகமாக இறங்கிப் பதிவு செய்யத் தொடங்கினார். சோதிக்கத் தனக்குக் கொடுத்த மூலையைத் தாண்டியும் போனார். நான்காவது கிரகத்தில் ஒரு பாறை. கால் ஒடிந்த முக்காலி மாதிரி இருக்கும். அதை முதல் கிரகத்திலும் பார்த்திருந்தார்.

மறுநாள் மதியம் ஆபீசில் நான் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழாயில் வந்து நின்றார். தன் பாக்ஸையும் கழுவிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"மாப்ளே, மொத்தம் எத்தனை?"

நான் மழுப்பிப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். பத்தொன்பது என்றேன்.

"சரி. நான் யார்கிட்டயும் சொல்லல, உங்க அக்காகிட்ட கூட. நான் சொன்னா போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும். ஒரு வாரம் டைம் எடுத்துக்கோ. நீயே போய் சொல்லிடு. நான் கூட நிக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னார். பாக்ஸை உதறித் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சொல்லத்தான் இருந்தேன், நம்புங்கள். முதல் இரண்டு நாள் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். மூன்றாம் நாள் முதலாளி அறை வாசல்வரை போனேன். அவர் தலையை நிமிர்த்தி, "எல்லாம் ஓகேதானே? உன்ன நம்பித்தான் நான் தூங்கறேன்" என்று சிரித்தார். ஓகே சார் என்றேன். என் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஆறு மாதம். ஆறு மாதம் கிடைத்தால் புரோகிராமை முடித்துவிடுவேன், யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை, கப்பல்காரர்களுக்கும் லட்சம் கிரகம் கிடைக்கும். நாற்பது பேரின் ஆறு வருஷ உழைப்பை நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க, வாயைத் திறப்பதுதான் தப்பு என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இப்போது நட்சத்திர விஷயம். சோதனைப் பிரதி எதுவும் வெளியே கசியக் கூடாது அல்லவா. அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பிரதியின் வானத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் அதிகமாக இருக்கும், ஆளுக்கு ஆள் வேறு இடத்தில். எங்காவது வீடியோ கசிந்தால் அந்த நட்சத்திரத்தைப் பார்த்து யாருடைய பிரதி என்று பிடித்துவிடலாம். வைப்பவன் நான், பட்டியல் முதலாளியிடம். வேறு யாருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அத்தானுக்கும் தெரியாது.

ஐந்தாம் நாள் மதியம் அதைச் செய்தேன். என் கம்ப்யூட்டரில் அத்தானின் நட்சத்திரத்தை வைத்து ஒரு வானம். கீழே அலங்காரம் ஒன்றுமில்லாத சாம்பல் நிறத் தரை. விண்கலம் இறங்குகிறது, தரை தாங்காமல் அப்படியே உள்ளே முழுகிப்போகிறது. சோதனைப் பிரதிகளில் அப்படி அரைகுறை மூலைகள் நிறைய இருந்தன, யாருக்கும் சந்தேகம் வராது. ஒன்பது நிமிஷ வீடியோ. பாறை எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். கரைக்காரர்கள் கூடும் ஒரு இணையப் பக்கத்தில் பெயர் இல்லாமல் போட்டேன்.

ஏன் அத்தானின் நட்சத்திரம் என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். ரொம்ப நாள் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் பிடித்தவர், அவரை யாரும் கடுமையாக எதுவும் செய்யமாட்டார்கள், ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கசியவிட்டவர் என்று பெயர் வாங்கிய ஒருவர் அடுத்த வாரம் வந்து பத்தொன்பது கிரகம்தான் இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தக் கணக்கையும் நான் போட்டிருந்தேன். சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் காலையில் ஒரே களேபரம். கரைக்காரர்கள் ஆடிப் பாடினார்கள். கப்பல்காரர்கள் அழுதே விட்டார்கள். முதலாளி எல்லோரையும் பெரிய அறைக்கு அழைத்து, வீடியோவை ஒரு இடத்தில் நிறுத்தி, நட்சத்திர ஏற்பாட்டை முதல்முறையாக எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "வானத்த வைக்கிறவன் நீ. இது யாரோட பிரதி?" என்றார். எழுந்து போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டினேன். பெயரையும் சொன்னேன்.

அத்தான் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நட்சத்திரங்களை வைக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று அப்போதுதானே கேட்டிருக்கிறார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "நான் போடல சார்" என்று மட்டும் சொன்னார். பத்தொன்பது கிரகத்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் சொல்லவில்லை. அது ஆறாம் நாள். எனக்குக் கொடுத்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

அன்றே அவருடைய கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அரைகுறை வேலை என்று ஊரே பார்த்துவிட்டதால் வெளியீடு ஆறு மாதம் தள்ளிப்போனது. எனக்கு வேண்டியது கிடைத்தது.

கம்பெனி அறிக்கையில் பெயர் இல்லை. ஆனால் தினமும் பதில் சொன்ன மனிதர் அன்றிலிருந்து பேசவில்லை, ஆட்டக்காரர்களுக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியாதா. கரைக்காரர்கள் அவரை வீரன் என்று கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டம் கப்பல்காரர்களின் கோபத்தில் எண்ணெய் ஊற்றியது. விலாசத்தை நான் கொடுக்கவில்லை மேடம், அந்த ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. அது அவர்களிடமே இருந்தது. படம் வரைந்து அனுப்பியதற்கு அவர் கைப்பட எழுதிய நன்றிக் கடிதங்களின் உறையில் இருந்தது.

முதலில் ஏச்சுக் கடிதங்கள். பிறகு கேட்காத சாமான்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கின. பிறகு ஆம்புலன்ஸ். யாரோ ஒருவர் அந்த விலாசத்தைச் சொல்லி, நெஞ்சு வலி, உடனே வாருங்கள் என்று கூப்பிட்டுவிடுவார். சைரன் ஊதிக்கொண்டு வண்டி வந்து நிற்கும், தெருவே கூடும், அத்தான் வெளியே வந்து கைகூப்பி மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைப்பார். யாரோ செய்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்பார். மூன்று வாரத்தில் நான்கு தடவை. அக்கா போனில் என்னிடம் அழுதாள். "கொஞ்ச நாள்ல அடங்கிடும்க்கா" என்று ஆறுதல் சொன்னேன்.

ஐந்தாவது தடவை கூப்பிட்டது அக்கா. அது நிஜம். காலை பதினொரு மணி. அந்த விலாசத்தைக் கேட்டதும் எதிர்முனையில் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். உண்மையா என்று சரிபார்த்துவிட்டுத்தான் வண்டி அனுப்புவோம், வேறு யாராவது உறுதி சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் புது வெளியீட்டுத் தேதி பற்றிய கூட்டத்தில் இருந்தேன். போனில் அக்கா என்று வந்தது. அத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அதனால்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அதிர்ந்தது. மூன்று தடவை. மேஜை அதிர்வது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டது, "எடுங்க பரவாயில்ல" என்றார். "சும்மாதான் இருக்கும்" என்றேன்.

பத்து நிமிஷத் தொலைவிலிருந்து வர வேண்டிய வண்டி நாற்பது நிமிஷம் கழித்து வந்தது. அத்தான் போய்விட்டார்.

கூட்டத்தில் இருந்தேன்க்கா, போனைப் பார்க்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். துக்கத்தில் இருந்தவள் அவள், ஆறுதல் எனக்கு. அந்தக் கை பட்ட இடம் இன்னும் கூசுகிறது.

கிடைத்த ஆறு மாதத்தில் புரோகிராமை முடித்தேன். நிஜமாகவே முடித்தேன், இப்போது லட்சத்துக்குக் குறையாது. விளையாட்டு வந்தது, இரண்டு கட்சியும் கைதட்டின. அத்தான் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு உறுத்தல். யோசனை சொன்னது நான். அவருடைய அந்த ஒற்றை நட்சத்திரத்தை எல்லாப் பிரதிகளிலும் வைத்தோம். கப்பல்காரர்கள் வரிசை வரிசையாக அங்கே பறந்து போய் விண்கலத்தின் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். "உங்களை மன்னித்துவிட்டோம்" என்று எழுதி வைக்கிறார்கள். செய்யாத குற்றத்துக்கு அவருக்கு ஆயிரக்கணக்கில் மன்னிப்பு குவிந்திருக்கிறது. அதைப் படிக்கும்போது எங்காவது போய் முகத்தை ஒளித்துக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனாலும் தினமும் படிக்கிறேன்.

இனி மேகம். விளையாட்டைத் திறந்ததும் முதலில் தெரியும் வானத்தில், இடது கீழ் மூலையில், ஊதா நிறத்தில் ஒரு மேகம் உண்டு. அதன் ஓரம் சரியாகச் சேராமல் பிசிறாக இருந்தது. அத்தான் தினமும் மாலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சோதிப்பார், எதிரே அக்கா காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். பாறை விஷயத்துக்கு ஒரு வாரம் முன்பு நான் போயிருந்தபோது கத்தியால் திரையைக் காட்டிச் சிரித்தாள்.

"என்னடா இது, உன் வானத்துல ஒரு மேகம் கிழிஞ்சு தொங்குது? ஊசி நூல் வேணுமா? தைச்சு விடுடா, பார்க்க சகிக்கல."

அந்தக் கிண்டல் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. தரையில் என்ன வேண்டுமானாலும் ஏமாற்றுவேன், வானத்தில் ஒரு பிசிறு இருந்தால் எனக்குப் பொறுக்காது. ஐந்தாம் நாள் மதியம் அந்த வீடியோவைச் செய்ய உட்கார்ந்தபோது, முதல் வேலையாக அந்த மேகத்தின் ஓரத்தைச் சேர்த்தேன். அழகாக வந்தது, வீடியோவும் அந்த வானத்தில்தான் தொடங்கும். மற்றவர்களின் பிரதிகளுக்கு அந்தத் திருத்தம் போனது அடுத்த திங்கட்கிழமைதான். அதற்குள் அத்தானின் கம்ப்யூட்டர் கம்பெனிக்குத் திரும்பிவிட்டது. ஆக, அத்தானின் நட்சத்திரமும் தைத்த மேகமும் சேர்ந்து இருந்த வானம் அன்றைக்கு உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. என் மேஜையில். ஒரு வருஷமாக அது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவள் அந்த வீடியோவைப் பார்த்ததே இல்லை, பார்க்க மனசில்லை என்று சொல்லியிருந்தாள். அதற்கு முந்தைய வாரம்தான், "அந்த வீடியோ இன்னும் நெட்ல இருக்காடா?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். சும்மா என்றாள். அன்று தட்டில் சாதம் போட்டுக்கொண்டே பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"அந்த மேகத்த எப்போடா தைச்சே?"

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "அத்தான் போன அப்புறம்க்கா, ரிலீசுக்கு முன்னாடி" என்றேன்.

"ஓ" என்றாள். இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வீட்டுச் சொந்தக்காரர் என் தெருவில்தானே இருக்கிறார் என்று ஏதோ சொன்னாள். பிறகு தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவினாள். கிளம்பும்போது கேட்வரை வந்தாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ஒரு வாரம் டைம் எடுத்துக்கோ. நீயே போய் சொல்லிடு."

அன்றைக்கே வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். மறுநாள் ஆள் அனுப்பிக் குழாயை மாற்றிக் கொடுத்துவிட்டார். இன்று எட்டாம் நாள். காலையில் அவள் கடிதம் உங்களுக்கு வந்திருக்கிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீடியோவைப் போட்டது நான். அத்தானின் நட்சத்திரத்தை வைத்தது நான். போனைக் கவிழ்த்து வைத்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், எந்தத் தண்டனையானாலும் சரி. ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். இதன் நகலை அக்கா வீட்டுக்கு அனுப்பாதீர்கள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், தாங்கமாட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது மேடம், அன்று கேட் பக்கத்தில் அவள் சொன்னது குழாயைப் பற்றித்தான்.